உபயத்தில் விட்டுப்போன பெயர்

சனிக்கிழமை காலையில் மகேந்திரன் கோயிலுக்குப் போனானோ இல்லையோ, ஈப்போ ஓரத்துக் குனோங் ராபாட்டில் மதார் சாகிப் கடைக்குப் போய்விடுவான். கடைசி மேசை, சுவர் ஓரம், பிளக் இருக்கும் இடம். பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்து ஒரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் ஆள் அசையமாட்டான். கடையின் வைஃபையில் யூடியூப் பாடப் படங்களை ஒன்றொன்றாக இறக்கி, தலையையும் வாலையும் வெட்டி, ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்வான். திங்கட்கிழமை அது அவன் சட்டைப் பையில் பள்ளிக்கூடம் போகும்.

பள்ளிக்கூடம் என்றதும் அவனை வாத்தியார் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாவதோடு, புத்தகத்தை மூடிவைத்தவன். கோலா கங்சார் போகும் சாலையில், கிளன்மோர் தோட்டம் என்று ஒரு காலத்தில் பெயர் இருந்த இடத்துத் தமிழ்ப்பள்ளியில் பொதுப் பணியாளர். புல் வெட்டுவது, கதவு திறப்பது, பைப் உடைந்தால் துணி சுற்றுவது, அந்த வேலை. குனோங் ராபாட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். மழை வந்தால் ஒரு மணி.

அந்தத் தோட்டத்து லயத்தில், கூலி வீட்டு வரிசையில்தான் பிறந்தான். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இவனுக்குக் கத்தி பிடிக்கக் கை வரவில்லை, மைக் பிடிக்கத்தான் வந்தது. பதினெட்டு வயதில் மைக் செட்டுக்காரர் ஒருவரிடம் ஒயர் சுற்றப் போனவன், முப்பதில் சொந்தமாக இரண்டு ஹாரன், ஒரு ஆம்பிளிபையர், ஒரு பெட்டி கேசட்டோடு தனியாகக் கிளம்பினான். கோலா கங்சாரில் இருந்து ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் அவன் குரல் கேட்கும்.

அந்தத் தொழிலில் பெரிய பாடம் ஒன்றே ஒன்றுதான். உபயக்காரன் பெயரை விடக் கூடாது. பால்குடம் யார் உபயம், பானகம் யார் உபயம், வாழைமரம் யார் உபயம், பந்தலில் எரிகிற டியூப்லைட் யார் உபயம். சொல்ல வேண்டும். நிறுத்தி, ஊரோடு சேர்த்து, இரண்டு தரம் சொல்ல வேண்டும். ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு வருஷம் பானகம் கொடுத்த மீன் வியாபாரி ஒருவர் பெயர் விட்டுப்போய்விட்டது. மனிதர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த வருஷம் அந்தக் கோயிலுக்கு வேறு மைக் செட். அன்றைக்கு மகேந்திரன் மனதில் எழுதி வைத்துக்கொண்டது இது: சாமி பெயரை மறந்தால் சாமி மன்னிக்கும், உபயக்காரன் மன்னிக்கமாட்டான்.

பாட்டு யாருடையது என்று மட்டும் இருபது வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேசட் கையில் இருந்தால் பாட்டு இருக்கிறது, அவ்வளவுதான். பாடினவர் யார், எழுதினவர் யார், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்ற பேச்சே அந்தத் தொழிலில் கிடையாது.

பிறகு தோட்டம் கை மாறியது. பால்மரத்தைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். லயத்துச் சனம் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் சிதறிப் போனது. கோயிலைப் பெயர்த்துச் சாலையோரம் வைத்தார்கள், அங்கே ஒரு சின்ன ஸ்பீக்கர் தானாகவே பாடியது. மைக் செட்டைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போனான். பெண்சாதியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. செம்பனை நடுவில் பள்ளிக்கூடம் மட்டும் நின்றது, இருபத்து மூன்று பிள்ளைகளோடு. அங்கே ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தான்.

அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. தலைமையாசிரியை நாச்சியம்மை டீச்சர் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனார். அந்தச் சமயத்தில் ஈப்போ வியாபாரி சிவசுப்பிரமணியன் ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தார். அதன் சட்டத்தில் ‘உபயம்: சிவசுப்பிரமணியன் குடும்பத்தார், ஈப்போ’ என்று சிவப்பு பெயிண்டில் எழுதியது மகேந்திரன்தான். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எழுதாமல் இருக்க அவனால் முடியாது.

பள்ளிக்கூடத்தில் நெட் வரும், காற்றடித்தால் போய்விடும். அதனால்தான் மதார் சாகிப் கடை. ஆறாம் ஆண்டுக்கு இலையின் உட்புறத்தைப் பற்றி ஒரு படம் இறக்கி வந்தான். தமிழில் ஒரு பெண் பேசியிருந்தது. இலையைச் சமையலறையாக வரைந்து, வெயில்தான் அடுப்பு, தண்ணீர் இந்தக் குழாயில் வருகிறது, சாப்பாடு இந்த வழியில் போகிறது என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, ஏழு பிள்ளைகளும் வாயைத் திறந்தது திறந்தபடி பார்த்தார்கள். கதவோரம் நின்ற மகேந்திரனும்தான். செம்பனை இலையையும் ரப்பர் இலையையும் ஐம்பது வருஷமாகப் பார்த்தவன், அன்றைக்குத்தான் ஓர் இலைக்குள்ளே போனான்.

அன்று ஜன்னலுக்கு வெளியே மாரியம்மாவும் நின்றாள். கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறவள். அவள் பிள்ளைகள் இரண்டு பேர் இங்கே படித்தார்கள். டவுன் பள்ளிக்கு மாற்றுவதற்கு விண்ணப்பப் பாரம் நிரப்பி, கையெழுத்து வாங்கத்தான் வந்திருந்தாள். படம் முடிகிற வரைக்கும் நின்று கேட்டாள். பிறகு பாரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்படிச் சொல்லிக் குடுத்தா நான் ஏண்ணே டவுனுக்கு அலையணும்? இருக்கட்டும். படம் காட்டுறத மட்டும் நிறுத்திடாதீங்க."

அவள் பிள்ளைகளை எடுத்தால் இன்னும் நாலு வீடு எடுக்கும். ஒரே வேனில் வருகிற பிள்ளைகள், வேன் கூலியைப் பங்கு போடுகிறவர்கள். நாச்சியம்மை டீச்சருக்கு அது தெரியும். மகேந்திரனைக் கூப்பிட்டு, இனிமேல் படம்தான் நம்முடைய சயன்ஸ் டீச்சர், வாராவாரம் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். படத்தின் தொடக்கத்தில் ஒன்றரை நிமிஷம் பாட்டும் வணக்கமும் போகும். மணியை அழுத்துங்கள் என்று அந்தப் பெண் சொல்லும். முதல் வாரமே ஒரு பயல் எழுந்து ஓடிப் பள்ளிக்கூட மணியை அடித்துவிட்டான், மொத்தப் பள்ளியும் ஓய்வு நேரம் என்று வெளியே வந்துவிட்டது. வகுப்பே அரை மணி நேரம். அதனால் தலைப்பகுதியை வெட்டினான். வெட்டின இடத்தில், கடை வைஃபைக்கும் அவன் கேட்காமலே வருகிற இரண்டாவது டீக்கும் நன்றியாக ஓர் அட்டை செய்து ஒட்டினான். ‘இன்றைய பாடம் உபயம்: மதார் சாகிப் உணவகம், குனோங் ராபாட்.’ பெயரை மட்டும் போட்டால் மொட்டையாக இருக்கிறது என்று கடைப் பலகையில் இருந்ததை எல்லாம் பார்த்து எழுதினான். ரொட்டி சானாய், நாசி கண்டார், மீன்தலைக் கறி, காலை ஆறு முதல், தொலைபேசி எண்.

பெருமழையில் வேன் வராத நாட்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று, டீச்சர் சம்மதத்தோடு யூடியூபில் பள்ளியின் பெயரில் ஒரு பக்கம் திறந்து எல்லாவற்றையும் ஏற்றினான். ஒன்றரை வருஷத்தில் எழுபது எண்பது படம் சேர்ந்தது, எல்லாம் அந்தப் பெண்ணுடையது.

ஆகஸ்ட் மாதம், சுதந்திர தினப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த வாரம், பக்கம் காணாமல் போனது. படத்தின் சொந்தக்காரர் புகார் கொடுத்ததால் மூடப்பட்டது என்று இரண்டு வரி. மறுநாள் பள்ளிக்கு ஒரு கடிதம். சிரம்பானில் இருந்து சாந்தினி என்று ஒரு பெண். என் படங்களைத் திருடி, என் பெயரை வெட்டி, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு விளம்பரம் செய்திருக்கிறது உங்கள் பள்ளி. இதற்குப் பள்ளிக்குக் கிடைத்த பிரதிபலன் என்ன என்று தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே, நகல்: மாவட்டக் கல்வி இலாகா.

கடிதத்தைவிட அந்த ‘நகல்’ என்ற சொல்தான் நாச்சியம்மை டீச்சரைச் சாய்த்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. கெட்டவர் இல்லை, பயந்தவர். டிவியை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். பென்டிரைவை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். மகேந்திரனைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது அவனுக்கு.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, நானா என்று அவன் கூப்பிடும் மதார் சாகிப்பிடம் போய்ச் சொன்னான். கடிதத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்த்து முதலில் சிரித்தார். மீன்தலைக் கறி வரைக்கும் போட்டாயா என்று கேட்டார். அப்புறம் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"தம்பி, நான் குடுத்தது தேத்தண்ணி. அதுக்கு எம் பேர எதுக்குலா கோர்ட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போற?"

"குடுத்தவங்க பேரச் சொல்லணும்ல நானா. அது முறைதான."

"முறைதான். நான் கேட்டனா அத?"

பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் வக்கீல் பிரேம்நாத். ஈப்போ செட்டியார் வீட்டுப் பிள்ளை, காலையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அங்கேதான் டீ. மதார் சாகிப் அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிரேம்நாத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். வகுப்புக்குள்ளே, பாடத்துக்காக, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, நியாயமான பயன்பாடு என்று அதற்குப் பெயர். இறக்கி வைத்துக்கொள்வது கொஞ்சம் இடிக்கும், ஆனால் அதற்காக ஒரு தோட்டத்துப் பள்ளியை யாரும் கூண்டில் ஏற்றப் போவதில்லை. தப்பு மூன்று. படைத்தவர் பெயரை வெட்டியது. ஊர் பார்க்க மறுபடி ஏற்றியது. அதன் தலையில் கடைப் பெயரை வைத்தது. அந்தக் கடைசி ஒன்றுதான் பாடத்தை வியாபாரம் ஆக்கிவிட்டது என்றார்.

"உபயம்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டத்துக்கு அது தெரியாது அண்ணே. அதோட கண்ணுக்கு அது விளம்பரம்."

அப்படியானால் வகுப்பில் காட்டலாமா என்று மகேந்திரன் திரும்பவும் கேட்டான். அவனுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். காட்டலாம் என்றார் வக்கீல். எதற்கும் அந்தப் பெண்ணிடம் ஒரு மன்னிப்புக் கேட்டு, அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்றார். டீக்கு மதார் சாகிப் காசு வாங்கவில்லை.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்று மத்தியானமே அழைத்தான். எடுத்ததும் அந்தக் குரல். இலையைச் சமையலறை என்று சொன்ன அதே குரல். ஒன்றரை வருஷம் வாரத்துக்கு மூன்று தரம் கேட்ட குரல். வீட்டு ஆளிடம் திருடிவிட்டு அவர்கள் வாசலிலேயே நிற்பது போல இருந்தது. யார், எங்கிருந்து என்று சொன்னான்.

பிறகு சாந்தினி பேசினாள். ஒரு படத்துக்கு மூன்று வாரம் ஆகுமாம். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, மாமியார் டிவியை நிறுத்தினதும் குளியலறைக்குள் உட்கார்ந்து குரல் பதிவு செய்வாளாம், அங்கேதான் சத்தம் வராது. படமெல்லாம் கையால் வரைந்தது. அவளுடைய யூடியூப் பக்கத்தில் அந்த இலைப் படத்தைத் தொள்ளாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். பள்ளியின் பக்கத்தில் பதினோராயிரம்.

"என் படத்தையே நான் தேடிப் போனா, முன்னுக்கு ரொட்டி சானாய் வருது அண்ணே. எனக்கு எப்படி இருக்கும்?"

அவன் உபயத்தைப் பற்றிச் சொன்னான். கோயிலில் செய்வது போலத்தான் செய்தேன், காசு யாரும் வாங்கவில்லை என்றான். டிவி கொடுத்த சிவசுப்பிரமணியன் பெயர் எழுதியிருப்பதையும் சொன்னான், அது ஏதோ சாட்சி மாதிரி.

"வைஃபை குடுத்தவருக்கு உபயம். டிவி குடுத்தவருக்கு உபயம். பாடம் குடுத்தவ பேர மட்டும் வெட்டிட்டீங்களே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்."

ஹுத்தான் மெலிந்தாங் மீன் வியாபாரி ஞாபகத்துக்கு வந்தார். அவருக்குப் பானகம்தான் போச்சு. இந்தப் பெண் எண்பது பந்தி பரிமாறியிருக்கிறாள், ஒன்றில்கூடப் பெயர் இல்லை. இருபது வருஷம் மைக் பிடித்தவன் செய்கிற காரியமா இது.

"தங்கச்சி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தப் பக்கம் போனது போகட்டும். வகுப்புல மட்டும் காட்டிக்கிறோம். ஏழு பிள்ளைங்கதான்."

சாந்தினி கொடுத்தாள். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: வகுப்பறைக்குள் பாடத்துக்காகக் காட்டலாம், என் பெயரை வெட்டாமல். மாவட்ட இலாகாவுக்கும் புகாரை விட்டுவிடுகிறேன் என்று எழுதினாளாம். அவள் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தாள். அதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்.

மறுநாள் காலையில் அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு டீச்சர் அறைக்குப் போனான். வக்கீல் சொன்னதையும் சொன்னான், ஒரு சொல் விடாமல். டீச்சர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார்.

"சட்டம் விடும் மகேந்திரன். நான் இல்லேன்னு சொல்லல. இலாகா கேட்டா நான் என்ன காட்டுறது, வாட்ஸ்அப்பயா?"

இலாகாவுக்கு எழுதிக் கேட்கிறேன், அங்கிருந்து சரி என்று ஒரு கடிதம் வரட்டும், அதுவரைக்கும் வேண்டாம் என்றார். எழுதவும் செய்தார். செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் நினைவூட்டி ஒன்று. பதில் இல்லை. மகேந்திரன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இலாகாவுக்கே ஒரு தரம் போய் நின்றான். கவுண்டரில் இருந்த பிள்ளை, கோப்பு மேலே போயிருக்கிறது பாக்சிக் என்று, மாமா முறை வைத்து மரியாதையாகச் சொல்லியது. மேலே என்றால் எங்கே என்று கேட்டான். அதற்கும் மரியாதையாகத்தான் பதில் வந்தது, தெரியாது என்று. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஓர் ஆள் பெயர் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமே.

அறிவியல் நேரத்தில் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். பார்த்து எழுதி முடித்தவர்கள் வெளியே வந்து அவன் புல் வெட்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். படம் எப்போ அண்ணே என்று முதலில் கேட்டார்கள். நவம்பரில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

மாரியம்மா டிசம்பர் விடுமுறையில் வந்தாள். அலுவலகத்தைத் திறக்க மகேந்திரன்தான் இருந்தான், டீச்சர் உள்ளே கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். மாரியம்மா கைப்பையில் இருந்து பாரத்தை எடுத்தாள். அதே பாரம்தான். மடிப்பு நைந்து கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தாள். தேதியை மட்டும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்.

கோபமாக வந்திருந்தால் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். அவள் கோபமாக வரவில்லை. சின்னவள் மூன்றாம் ஆண்டு போகிறாள், அவளையாவது சரியாகப் போட்டுவிட வேண்டும் என்றாள். வேன் கூட்டத்தில் மற்ற நாலு வீடும் பாரம் வாங்கியாகிவிட்டது என்றாள்.

"உங்கள நம்பித்தாண்ணே ரெண்டு வருசம் விட்டேன். உங்க மேல குத்தம் சொல்ல வரல."

அவன் சாந்தினியின் செய்தியை எடுத்து அவளிடம் காட்டலாமா என்று நினைத்தான். கைப்பேசி பையில்தான் இருந்தது. காட்டி என்ன, இவளா கையெழுத்துப் போடுகிறவள். உள்ளே போய் டீச்சரிடம் பாரத்தை நீட்டினான். டீச்சர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். முத்திரையை மை தொட்டு அழுத்தியது மகேந்திரன். அந்த மையும் வறண்டுபோய் இருந்தது, இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது பதினொரு பிள்ளைகள். ஆறாம் ஆண்டுக்கு ஒருவன். அடுத்த வருஷம் என்ன என்று நாச்சியம்மை டீச்சரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. டீச்சர் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தார். வகுப்பில் போடலாமா என்று ஒரு வழக்கத்துக்குக் கேட்டான். கடிதம் இன்னும் வரவில்லை என்றார்.

பந்துத் திடலுக்குக் கோடு போடச் சொல்லியிருந்தார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு திடல். பெயிண்ட் எடுக்க ஸ்டோரைத் திறந்தான். டிவி மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. சாக்கை விலக்கினால், திரையில் பல்லி எச்சம், சட்டத்தில் சிவப்பு எழுத்து மட்டும் நேற்று எழுதினது போல இருந்தது. பெயிண்ட் நல்ல பெயிண்ட்.

மகேந்திரன் சின்ன பிரஷைத் தேடி எடுத்தான். சிவப்பு டப்பா மூடி இறுகிப்போய் இருந்தது, திருப்புளியால் நெம்பித் திறந்தான். சிவசுப்பிரமணியன் குடும்பத்தாருக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு வளையாமல் எழுதினான். ‘பாடம் உபயம்: சாந்தினி, சிரம்பான்.’

காயட்டும் என்று கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்தான். பிறகு சாக்கைப் போர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டு, வெள்ளை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஸ்டோரைப் பூட்டினான்.